கைவேலைக் கேள்வி–பதில்: குரோஷேயில் முதல் லேஸ் பின்னல்

இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். கொக்கி முனையுள்ள ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் குரோஷேயைப் புதிதாகக் கையில் எடுத்தவர்கள், நூல் வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாக இழுக்கும் சங்கிலி போடக் கற்றுக்கொண்டு, அடுத்ததாக லேஸ் போன்ற பின்னலுக்கு வரும் இடத்தில்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள் என்பதை வந்திருக்கும் கடிதங்கள் காட்டுகின்றன.

கேள்வி: எனக்கு 58 வயது. பணி ஓய்வுக்குப் பிறகு குரோஷே கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, 40-ஆம் எண் வெள்ளை நூலும் மெல்லிய இரும்பு ஊசியும் வாங்கினேன். சங்கிலி போட வருகிறது. ஆனால் ஓட்டை ஓட்டையாக லேஸ் போல வருவதற்குப் பதிலாக எல்லாம் இறுகிக் கயிறு போல ஆகிவிடுகிறது. எளிய லேஸ் பின்னல் ஒன்றைத் தொடக்கத்திலிருந்து சொல்லித்தர முடியுமா அம்மா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த நூலையும் ஊசியையும் ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். அவை பின்னால் உங்களுக்குத் தேவைப்படும், இப்போது வேண்டாம். குரோஷே நூலில் எண் கூடக் கூட நூல் மெலிந்துகொண்டே போகும். 10-ஆம் எண் தடித்தது, 20 அதைவிட மெல்லியது, 40 இன்னும் மெல்லியது. லேஸ் என்றால் மெல்லிய நூலில்தான் போட வேண்டும் என்று எண்ணிப் பலரும் அங்கேயே தொடங்கி, ஒரு வாரத்துக்குள் 'என் கைக்கு இது வராது' என்று ஊசியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். குறை கையில் இல்லை. ஊசி எங்கே நுழைகிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் கை எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

4 மில்லிமீட்டர் ஊசி ஒன்றும், அதற்குப் பொருத்தமான பருத்தி நூல் ஒரு கண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த அளவு ஊசி பொருந்தும் என்பது நூல்கண்டின் காகிதப் பட்டையிலேயே பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். நிறம் சந்தனமோ, வெளிர் ரோஜாவோ, வான நீலமோ எதுவாகவும் இருக்கலாம். கறுப்பும் கரு நீலமும் மட்டும் கூடாது, ஏனென்றால் அவற்றில் மாலை வெளிச்சத்தில் ஒரு கண்ணியும், அதாவது நூல் வளையமும், தெரியாது. நம் ஊர் வெயிலில் உள்ளங்கை வியர்க்கும்போது அக்ரிலிக் நூல் விரலிலும் ஊசியிலும் ஒட்டிக்கொண்டு நகராது. ஆகவே கற்கும் காலத்தில் பருத்தியே நல்லது என்பது என் அனுபவம்.

இறுக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொக்கிக்குக் கீழே கழுத்துப் போல ஒடுங்கிய பகுதி ஒன்றும், அதற்குக் கீழே முழுப் பருமனுள்ள தண்டும் இருக்கும். புதியவர்கள் ஒவ்வொரு கண்ணியையும் அந்தக் கழுத்திலேயே இழுத்து முடித்துவிடுவதால் கண்ணி கழுத்தின் அளவுக்குச் சிறுத்துப்போகிறது. இழுத்த கண்ணியைத் தண்டு வரை நகர்த்தி, அதன் பருமனுக்கு அமைய விட்டு, அதன் பிறகு அடுத்ததைப் போடுங்கள். அப்படியும் அடிச்சங்கிலி இறுகினால், அதை மட்டும் 5 மில்லிமீட்டர் ஊசியால் போட்டுவிட்டு, முதல் வரிசையிலிருந்து 4 மில்லிமீட்டருக்கு மாறிக்கொள்ளலாம். கைப்பழக்கம் வந்தவர்களும் இதைச் செய்வது உண்டு.

இனி பின்னலுக்கு வருவோம். எளிய லேஸ் பின்னல்களில் நான் முதலில் கற்றுத்தருவது 'வி' பின்னலைத்தான். இதற்குச் சங்கிலியும், டபுள் குரோஷே எனப்படும் உயரமான தையலும் தெரிந்தால் போதும். டபுள் போடும் முறையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஊசியில் ஏற்கெனவே ஒரு கண்ணி இருக்கும். நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி, வேண்டிய இடத்தில் ஊசியை நுழைத்து, நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுத்தால் ஊசியில் 3 கண்ணிகள் இருக்கும். மீண்டும் நூலை மாட்டி முதல் இரண்டின் வழியே இழுத்தால் 2 மிஞ்சும். இன்னொரு முறை நூலை மாட்டி அந்த இரண்டின் வழியேயும் இழுத்தால் ஒன்றே ஒன்று மிஞ்சும். அத்துடன் ஒரு டபுள் முடிந்தது. 3, 2, 1 என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே போடுவது கைக்கு மிகவும் உதவும்.

முதலில் 25 சங்கிலி போடுங்கள். ஊசியில் இருக்கும் கண்ணியை எண்ணாமல், ஊசியிலிருந்து 5-ஆவது சங்கிலியில் ஒரு டபுள், பிறகு 1 சங்கிலி, பிறகு அதே 5-ஆவது சங்கிலியிலேயே இன்னொரு டபுள் போடுங்கள். ஒரே புள்ளியில் வேர்விட்டு இரு பக்கமும் சாய்ந்து நிற்கும் இந்த இரண்டு டபுள்களும், அவற்றை மேலே இணைக்கும் அந்த ஒரு சங்கிலியும் சேர்ந்ததுதான் ஒரு 'வி'. அடுத்து 2 சங்கிலிகளை விட்டுவிட்டு, மூன்றாவதில் இதே போல இன்னொரு 'வி' போடுங்கள். இப்படியே தொடர்ந்து போனால் 7 'வி' முடிந்ததும் கடைசியில் 2 சங்கிலிகள் மிஞ்சும். அவற்றில் முதலாவதை விட்டு, கடைசிச் சங்கிலியில் ஒரே ஒரு டபுள் போட்டால் முதல் வரிசை நிறைவுபெறும். தொடக்கத்தில் நீங்கள் விட்டுவந்த சங்கிலிகளில் முதல் 3 சங்கிலிகள் வலது ஓரத்தில் ஒரு டபுள் போல நிமிர்ந்து நிற்பதைக் காண்பீர்கள்.

இரண்டாம் வரிசைக்கு 3 சங்கிலி போட்டு வேலையைத் திருப்பிக்கொள்ளுங்கள். இந்த 3 சங்கிலியும் ஓர் ஓர டபுளுக்குச் சமம். இப்போது கீழ் வரிசையின் ஒவ்வொரு 'வி'யின் நடு ஓட்டைக்குள்ளும் ஊசியை நுழைத்து, அதே போல டபுள், 1 சங்கிலி, டபுள் என்று போட்டுக்கொண்டே போய், கடைசியில் கீழ் வரிசையின் ஓரத்தில் நிற்கும் 3 சங்கிலியின் உச்சியில் ஒரு டபுள் போட்டு முடியுங்கள். மூன்றாம் வரிசையும் நூறாவது வரிசையும் இதே போலத்தான். ஒவ்வொரு வரிசையிலும் 7 'வி' இருக்க வேண்டும். இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு ஓர டபுள் கம்பம் போல நிற்க வேண்டும்.

லேஸ் பின்னலில் ஊசி நுழைய வேண்டியது பெரும்பாலும் தையலுக்குள் அன்று, ஓட்டைக்குள். இதனை இப்போதே கண்ணுக்குப் பழக்கிவிட்டால், பின்னாளில் அன்னாசிப் பழ வடிவம் போன்ற கடினமான வேலைகளிலும் நீங்கள் தடுமாற மாட்டீர்கள். இரண்டு வரிசை போட்டதும் நிறுத்தி, வேலையை மடியில் விரித்து உற்றுப் பாருங்கள். அதில் இரண்டு வகை ஓட்டைகள் இருக்கும். 'வி'யின் உள்ளே இருக்கும் ஓட்டை கீழே கூர்மையாகத் தொடங்கி மேலே அகன்றிருக்கும். அதன் கூரையாக ஒரு சங்கிலி படுத்திருக்கும். பக்கத்துப் பக்கத்து 'வி'க்களுக்கு நடுவே உள்ள ஓட்டையோ இதற்கு நேர்மாறாகக் கீழே அகன்று மேலே கூர்மையாக முடியும். கூர்முனை கீழ்நோக்கி இருக்கும் ஓட்டையில்தான் ஊசி நுழைய வேண்டும். மாற்றி நுழைத்தால் 'வி'க்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்காமல் பக்கவாட்டில் நகர்ந்து, வரிசையின் எண்ணிக்கையும் பிசகிப்போகும்.

தவறு தெரிந்தால் பிரித்துவிடுங்கள். நிட்டிங்கில் ஊசி நழுவினால் பல கண்ணிகள் ஒரே நேரத்தில் அவிழ்ந்து ஓடும். குரோஷேயில் எந்த நேரத்திலும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் தவறு நடந்த இடம் வரை வரிசையாகப் பிரிந்து வரும். அங்கே கண்ணியைப் பிடித்து ஊசியை மாட்டித் தொடர வேண்டியதுதான். முதல் பத்து வரிசைகளை ஒருமுறை முழுவதுமாகப் பிரித்து, அதே நூலில் மீண்டும் போட்டுப் பார்க்கும்படி என்னிடம் கற்க வருபவர்களிடம் சொல்வேன். இரண்டாவது முறை போடும்போது அவர்கள் கையில் வரும் சீரான தன்மை எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

கேள்வி: 'வி' பின்னலில் சால்வை தொடங்கினேன். இருபது வரிசைக்குள் அது கோபுரம் போல மேலே ஒடுங்கிவிட்டது. நான் எதையும் விட்டதாகத் தெரியவில்லை. எங்கே தவறு?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தவறு இரண்டு ஓரங்களில் ஒன்றில் இருக்கும், நடுவில் தேட வேண்டாம்.

முதலில் வரிசை முடியும் ஓரத்தைப் பாருங்கள். கடைசி 'வி' போட்டதும் வரிசை முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அதையும் தாண்டி, முந்தைய வரிசையின் தொடக்கத்தில் போட்ட 3 சங்கிலி ஓரமாகச் சாய்ந்து, சற்றே சுருண்டு, நூல் பிசிறு போலக் கிடக்கும். அதன் உச்சியில், அதாவது மூன்றாவது சங்கிலியில், ஒரு டபுள் போட்டால்தான் ஓரம் நேராக நிற்கும். அதை விட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் ஓரம் உள்ளே இழுபடும்.

மற்றொன்று வரிசை தொடங்கும் ஓரம். 3 சங்கிலி போட்டுத் திருப்பியதும் முதல் 'வி'யின் ஓட்டை அந்தச் சங்கிலிக்கு அடியில் நெருக்கிக்கொண்டு மறைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் நன்றாகத் திறந்து தெரியும் இரண்டாவது 'வி'யிலிருந்து தொடங்கிவிட்டால் ஒரு வரிசைக்கு ஒரு 'வி' குறைந்துகொண்டே போகும். உங்கள் சால்வை கோபுரமாக ஒடுங்கியிருப்பதைப் பார்த்தால் இதுதான் நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் அந்த மூன்றாவது சங்கிலியைப் போட்ட உடனே அதில் ஒரு சிறு ஊக்கையோ வேறு நிற நூல் துண்டையோ மாட்டி வையுங்கள். திரும்பி வரும்போது கடைசி டபுள் போட வேண்டிய இடத்தை அது காட்டிவிடும். அதோடு, ஒவ்வொரு வரிசை முடிவிலும் 'வி'க்களை எண்ணாமல் வேலையைத் திருப்பாதீர்கள். ஒரு வரிசையை எண்ணச் சில விநாடிகள்தான் ஆகும். இருபது வரிசையைப் பிரித்துப் போட இரண்டு மாலைப் பொழுதுகள் போய்விடும்.

கேள்வி: பள்ளியில் எங்களுக்குக் கைவேலை சொல்லித்தந்த ஆசிரியை 'ட்ரெபிள்' என்று சொன்ன தையலைக் காணொளிகளில் 'டபுள்' என்கிறார்கள். பழைய குறிப்பேட்டைப் பார்த்துப் போட்டால் ஒன்று வருகிறது, காணொளியைப் பார்த்துப் போட்டால் வேறொன்று வருகிறது. எது சரி?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இரண்டும் சரி. உங்கள் ஆசிரியை பயன்படுத்தியது பிரிட்டிஷ் பெயர் முறை. நம் நாட்டில் பழைய பள்ளிகளிலும் நூல் நிறுவனங்கள் வெளியிட்ட சிறு புத்தகங்களிலும் அதுவே வழக்கில் இருந்தது. இன்றைய காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்க முறையைப் பின்பற்றுகின்றன. அமெரிக்க முறையில் சிங்கிள் எனப்படுவது பிரிட்டிஷ் முறையில் டபுள். அமெரிக்க டபுள் பிரிட்டிஷ் முறையில் ட்ரெபிள். எந்தக் குறிப்பிலாவது 'சிங்கிள்' என்ற தையல் இடம்பெற்றிருந்தால் அது அமெரிக்க முறை என்று கொள்ளலாம், ஏனெனில் பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரில் தையல் இன்று வழக்கில் இல்லை. நான் இந்தப் பக்கங்களில் டபுள் என்று சொல்வதெல்லாம் உங்கள் குறிப்பேட்டின் ட்ரெபிள்தான். குறிப்பேட்டை எக்காரணம் கொண்டும் எறிந்துவிடாதீர்கள்; அதன் முதல் பக்கத்தில் இந்த வேறுபாட்டை எழுதி வைத்தால் போதும்.

கேள்வி: என் மகளுக்கு இடது கைப்பழக்கம். அவளுக்கு எப்படிச் சொல்லித்தருவது?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அவளைப் பக்கத்தில் உட்கார வைக்காமல் எதிரில் உட்கார வையுங்கள். நீங்கள் வலது கையால் போடுவது அவளுக்குக் கண்ணாடியில் தெரிவது போல இடது கையாகத் தெரியும். வரிசை அவளுக்கு இடமிருந்து வலமாக நகரும். எண்ணிக்கையும் பின்னலும் சிறிதும் மாறா. வலது கைக்கு மாற்ற முயல வேண்டாம்.

கேள்வி: பின்னி முடித்த டேபிள் விரிப்பு சுருங்கியும் ஓரம் சுருண்டும் இருக்கிறது. படத்தில் பார்ப்பது போல ஓட்டைகள் விரியவில்லை. இஸ்திரி போடலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: லேஸ் பின்னல் ஊசியிலிருந்து இறங்கும்போது அப்படித்தான் இருக்கும். அதன் ஓட்டைகளை விரித்து நிறுத்தும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது. பருத்தி நூல் என்றால் விரிப்பைத் தண்ணீரில் நனைத்து, முறுக்காமல் ஒரு துவாலையில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்துவிடுங்கள். பிறகு மெத்தை மேல் இன்னொரு துவாலையை விரித்து, அதன் மீது இதைப் பரப்பி, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி மெதுவாக இழுத்து, அளவுகோலால் நான்கு பக்கங்களையும் அளந்து சரிபார்த்து, ஓரம் முழுவதும் துருப்பிடிக்காத குண்டூசிகளைக் குத்தி நிழலில் காய விடுங்கள். சாதாரணக் குண்டூசி ஒரே இரவில் துருவேறி, போகாத கறையை விட்டுவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு ஊசிகளை எடுத்தால் ஒவ்வொரு ஓட்டையும் தனித்தனியாகத் தெரியும்.

விரிப்பு விறைப்பாக நிற்க வேண்டுமானால் நம் வீட்டு முறையே போதும். வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, அதில் விரிப்பை முக்கி எடுத்து, மேலே சொன்னபடி குண்டூசி குத்திக் காய வையுங்கள். வடிகட்டாமல் விட்டால் பருக்கைத் துகள் ஓட்டைகளில் உறைந்து நிற்கும். நீண்ட நாள் பெட்டியில் வைக்கப்போகும் விரிப்பில் கஞ்சியை விட்டுவைக்கக் கூடாது, இராமபாணப் பூச்சி தேடி வரும். அலசிக் காய வைத்துத்தான் மடிக்க வேண்டும்.

அக்ரிலிக் நூலில் போட்டதாக இருந்தால் இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் வைக்கவே வைக்காதீர்கள். சூடு பட்டதும் நூல் உருகித் தட்டையாகிப் பளபளத்துவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை.

கேள்வி: நாகர்கோவில் பக்கத்தைச் சேர்ந்த என் பாட்டி, உருண்டையான திண்டு ஒன்றின் மீது குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை இரண்டு கைகளாலும் மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் செய்வார் என்று அம்மா சொல்கிறார். அதுவும் குரோஷேதானா? அதைக் கற்க வேண்டுமா, இதைக் கற்க வேண்டுமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: உங்கள் பாட்டி செய்தது குரோஷே அன்று, அது பாபின் லேஸ் அல்லது பில்லோ லேஸ் எனப்படும் வேறு கலை. அதில் கொக்கியும் இல்லை, கண்ணியும் இல்லை. மரக்குச்சிகளில் சுற்றிய பல நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டு முறுக்கி, குண்டூசிகளால் நிறுத்தி நெய்வது போலச் செய்வார்கள். 1819-இல் லண்டன் மிஷன் சார்பில் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், அங்கே தாம் கவனித்துவந்த பெண்கள் பள்ளியில் அதைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலிசா, 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அந்தக் கைவேலையையும் அங்கே கொண்டுசென்றார். கல்வியும் கூலியும் மறுக்கப்பட்ட பெண்களின் கையில் சொந்தச் சம்பாத்தியத்தைக் கொடுத்த தொழில் என்பதால், உங்கள் பாட்டியின் திண்டையும் குச்சிகளையும் யாராவது வைத்திருந்தால் அவற்றைப் பாதுகாக்கும்படி உங்கள் உறவினர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கொக்கி ஊசி லேஸ் வேறு வழியில் வந்தது. அயர்லாந்தில் 1840-களில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது பல குடும்பங்களுக்குக் குரோஷே லேஸ் விற்ற காசுதான் சோறு போட்டது. நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தில் மேற்குக் கோதாவரி மாவட்டத்து நரசாபுரம் இதற்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து போடும் குரோஷே லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

எதைக் கற்பது என்று கேட்டால், வீட்டிலேயே ஒற்றை ஊசியுடன் தொடங்கக்கூடியது குரோஷேதான். பாபின் லேஸுக்கு அருகில் உட்கார்ந்து கைப்பிடித்துச் சொல்லித்தர ஒருவர் வேண்டும். உங்கள் பாட்டியின் ஊரில் அப்படி ஒரு மூதாட்டி இன்னும் இருந்தால், குரோஷேயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அவரிடம் போய் உட்காருங்கள்.

கேள்வி: 'வி' பின்னல் நன்றாக வந்துவிட்டது. அகலமான சால்வை போட எத்தனை சங்கிலி, எவ்வளவு நூல் வேண்டும்? புது நூல்கண்டை இணைக்கும் முடிச்சு ஓட்டையில் அசிங்கமாகத் தெரிகிறதே, அதற்கு என்ன செய்வது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எத்தனை 'வி' வேண்டுமோ அதை 3-ஆல் பெருக்கி 4 கூட்டிக்கொள்ளுங்கள். 7 'வி'க்கு 25 சங்கிலி வந்தது இந்தக் கணக்கில்தான். 19 'வி' என்றால் 61 சங்கிலி. 4 மில்லிமீட்டர் ஊசியிலும் நடுத்தர நூலிலும் அது ஏறக்குறைய 14 அல்லது 15 அங்குல அகலம் வரும். உங்கள் கை இறுக்கமானதாக இருந்தால் இன்னும் சற்றுக் குறையும். நூலின் அளவை நான் இங்கிருந்து சொல்வதைவிட நீங்களே அளந்துகொள்வது நம்பகமானது: முதல் கண்டு முழுவதையும் பின்னி முடித்து, அது எத்தனை அங்குல நீளம் வந்தது என்று பார்த்து, சால்வைக்கு வேண்டிய மொத்த நீளத்தை அதனால் வகுத்துக்கொள்ளுங்கள். கணக்கிட்டதும் கடைக்குப் போய், பட்டையில் உள்ள சாயத்தொகுதி எண்ணையும் ஒப்பிட்டு மீதியை ஒரே முறையில் வாங்கிவிடுங்கள். எண் மாறினால் நிறம் சற்று மாறி, சால்வையின் நடுவில் கோடு விழுந்தாற்போலத் தெரியும்.

முடிச்சைப் பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் உண்மை. கெட்டியான பின்னலில் முடிச்சு மறைந்துவிடும், லேஸில் மறைய இடமில்லை. ஆகவே வரிசையின் நடுவில் நூல் தீரும் நிலை வந்தால், அந்த வரிசையைப் பிரித்து ஓரத்துக்குத் திரும்பிவிடுங்கள். ஓரத்தில் கடைசி டபுளின் இறுதி இழுப்பில் புது நூலை மாட்டி இழுத்துக்கொண்டு, இரண்டு நூல்களிலும் அரைச் சாண் அளவு வால் விடுங்கள். வேலை முழுவதும் முடிந்த பிறகு, அகன்ற கண்ணுள்ள தையல் ஊசியில் அந்த வாலைக் கோத்து, ஓட்டையைக் குறுக்கே கடக்காமல், ஓரத்து டபுள்களின் உடம்புக்குள்ளேயே மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி, ஒருமுறை திசை மாற்றி மறைத்துவிட்டு, சால்வையை நனைத்து விரித்துக் காய வைத்த பின்னரே மிச்ச வாலை வெட்டுங்கள். முன்னதாக வெட்டினால், விரிக்கும்போது பின்னல் இழுபட்டு வெட்டிய முனை வெளியே எட்டிப்பார்க்கும்.